யார் செய்யும் வீட்டுவேலை? – கிளிநொச்சியின் ஆரம்ப வகுப்புகளை முன்வைத்து

வெள்ளிக்கிழமை பாடசாலை கலையும் வேளையில் கிளிநொச்சி மாவட்டத்து ஆரம்ப வகுப்புப் பிள்ளையொன்றின் புத்தகப்பையைத் திறந்து பார்ப்போமாயின், பெரும்பாலும் அதனுள் ஒரு பயிற்சித்தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கக் காணலாம். உயிரெழுத்துக்களை மும்முறை எழுதுக. ஒன்று முதல் நூறு வரை எழுதுக. ஐந்து வாகனங்களின் படங்களைச் சேகரித்து ஒட்டுக என்பன போன்ற கட்டளைகள் அதிற் காணப்படும். தாள் இல்லாதவிடத்துக் கட்டளை வட்ஸ்அப் குழுவினூடாகத் தாயின் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும். திங்கட்கிழமை காலையில் வேலை நிறைவுற்று ஆசிரியரின் மேசையை அடைதல் வேண்டும். ஆறு, ஏழு வயதுப் பாலகருக்கு இடப்படும் இவ்வாராந்தப் பணியை வீட்டுவேலை என்கின்றோம். பாடசாலை உண்டெனில் வீட்டுவேலையும் உண்டு என்பது எம்மிடையே வினாவுக்கு இடமற்ற வழக்கமாகிவிட்டது.

அவ்வழக்கத்தை வினாவுக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தரம் 1, தரம் 2 ஆகிய வகுப்புகளிற் பயிலும் பிள்ளைகளுக்கு எழுத்து வடிவிலான வீட்டுவேலை வழங்குவது முற்றாகக் கைவிடப்படல் வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. பிள்ளையின் சுமை குறைய வேண்டும் என்ற இரக்கம் ஒன்றினால் மட்டும் இவ்வாறு கூறினோமல்லோம். இது நீதி பற்றிய வினா. வீட்டுவேலை பிள்ளையின் அறிவை அளப்பதாகக் காட்டிக்கொண்டு அப்பிள்ளையின் வீட்டை அளக்கின்றது. கிளிநொச்சியில் வீட்டை அளப்பதென்பது, போர் அவ்வீட்டுக்குச் செய்ததை அளப்பதாகும். அதற்குரிய புள்ளியைப் பிள்ளையின் பெயரிற் பதிவது அநீதியாகும்.

தாயின் பள்ளிப்பருவம்

தரம் 2 இல் இன்று பயிலும் பிள்ளையின் தாய்க்கு இருபத்தைந்து முதல் நாற்பது வயது வரை இருக்கலாம். அத்தாய் ஆரம்ப வகுப்புகளிற் பயின்ற காலம் எது என்று சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 1990 ஆம் ஆண்டளவிற் பிறந்தவள் எனின், அவள் அரிச்சுவடி பிடித்த நாள்களிலே 1996 ஆம் ஆண்டின் ‘சத்ஜய’ இராணுவ நடவடிக்கை கிளிநொச்சி நகரை வெறுமையாக்கியது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்த மக்கள் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் வாழ்ந்தனர். பிள்ளைகளும் அவ்வாறே படித்தனர். மண்ணெண்ணெயும் கட்டுப்பாட்டுக்குள்ளிருந்த அந்நாள்களில் இரவில் விளக்கேற்றிப் படிப்பது பல வீடுகளுக்கு இயலாத செயலாயிருந்தது. 1998 ஆம் ஆண்டளவிற் பிறந்தவள் எனின், 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் தந்த சில ஆண்டு அமைதியில் அவள் பாடசாலை புகுந்திருப்பாள். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் பெயர்வு. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கிய ஓட்டம். 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரம். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

இவ்வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயினும் இதனைப் பயிற்சித்தாளோடு பொருத்திப் பார்ப்பார் அரியர். ‘பெற்றோரின் உதவியுடன் செய்க’ என்று தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதப்படும்போது, எந்தப் பெற்றோரை எண்ணி அது எழுதப்படுகின்றது? தன் கல்வி இரண்டு மூன்று முறை அறுந்த தாயை எண்ணியா? வயலிலும் மேசன் வேலையிலும் நாட்கூலி பெறும் தந்தையை எண்ணியா? கணவனை இழந்தோ, காணாமற் போனவனைத் தேடியோ தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணையா? விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இருட்டிய பின் வீடு திரும்புபவளையா? மலையகத்தில் தோட்டப் பாடசாலையோடு கல்வி முடிந்து, 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் வன்னிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறியோரின் வழித்தோன்றல்களையா? இவர்களுள் எவரும் தம் பிள்ளையின் கல்வியில் அக்கறையற்றவர் அல்லர். அக்கறையை நேரமாகவும் எழுத்தறிவாகவும் மாற்றும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

சில காலத்துக்கு முன்னர் இம்மாவட்டத்தின் உட்கிராமப் பாடசாலை ஒன்றிற் கண்ட காட்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். வீட்டில் உள்ள மின்சாரப் பொருள்கள் ஐந்தின் படங்களை ஒட்டி வருமாறு தரம் 2 பிள்ளைகளுக்குக் கூறப்பட்டிருந்தது. ஒரு பையன் நகரத்துக் கடையொன்றில் வர்ணத்தில் அச்சிட்ட குளிர்சாதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் ஒட்டி வந்திருந்தான். அவனுக்கு நட்சத்திரம் கிடைத்தது. ஒரு சிறுமி வெறுந்தாளுடன் நின்றாள். ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு அவள் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. இறுதியில், “எங்கட வீட்டில ஒரு பல்ப் மட்டும்தான் ரீச்சர் இருக்கு” என்றாள். அவள் கூறியதே சரியான விடை. கேட்கப்பட்டது அவள் வீட்டிலுள்ள பொருள்களைப் பற்றித்தானே? ஆயினும் சரியான விடையைக் கூறியவளுக்கு நட்சத்திரம் இல்லை. காசு கொடுத்துப் படம் வாங்க முடிந்தவனுக்கு உண்டு. அந்த ஆசிரியை கொடியவர் அல்லர், பிள்ளைகள்மீது அன்புடையவரே. வழக்கத்தின் கொடுமை யாதெனில், நல்லவர் கையாலேயே அது அநீதியைச் செய்விக்கின்றது.

இவ்வாறான வெறுந்தாள்கள் பத்து வாரம் தொடர்ந்து சேருமாயின் அச்சிறுமி ‘மெல்லக் கற்போர்’ என்ற பட்டியலில் இடம்பெறுவாள். அப்பட்டியலில் ஒருமுறை இடம்பெற்ற பெயர் எளிதில் நீங்குவதில்லை. பின்வரிசையில் இருத்தப்படுவாள், வினாக்கள் அவளிடம் வருவது குறையும், தான் படிக்க இயலாதவள் என்று தானே நம்பத் தொடங்குவாள். எட்டு வயதுக்குள் இந்நம்பிக்கை வேரூன்றிவிடுமாயின் பின்னர் எத்தனை விசேட வகுப்புகள் வைப்பினும் அதனைக் களைதல் அரிது.

பாடத்திட்டம் கூறுவது

இத்தனைக்கும் எமது நாட்டின் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டம் இத்தகைய எழுத்துச் சுமையை வேண்டி நிற்கவில்லை. 1997 ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்று 1999 இல் தரம் 1 இலிருந்து நாடளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. தரம் 1 உம் 2 உம் முதலாவது நிலை. 3 உம் 4 உம் இரண்டாவது. தரம் 5 மூன்றாவது. கற்பித்தல் முறையும் மூவகைப்பட்டது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. முதலாவது நிலையில் விளையாட்டும் செயற்பாடுமே முதன்மை பெறும். மேசை வேலைக்குரிய இடம் சிறிது. பிள்ளை மேலே செல்லச் செல்ல மேசை வேலை படிப்படியாக வளரும். கொப்பியில் எழுதுவது சிறு பிள்ளைக்கு அளவோடு கொடுக்கப்பட வேண்டிய ஒன்று என்பதே இவ்வொழுங்கின் உட்பொருள்.

பாடசாலைக்குள் அளவோடு கொடுக்கப்படும் மேசை வேலை, பாடசாலைக்கு வெளியே அளவின்றிக் கொடுக்கப்படுவது எவ்வாறு பொருந்தும்? பயிற்றப்பட்ட ஆசிரியர் அருகிலிருக்கும்போதே சிறிது என விதிக்கப்பட்ட ஒன்றை, பயிற்சியற்ற தாயின் மேற்பார்வையில், களைத்த கண்களுடன் பெரிதாகச் செய்விப்பது பாடத்திட்டத்தைத் தலைகீழாக்குவதன்றி வேறில்லை. காலையில் விளையாட்டின் வழியே கற்பித்துவிட்டு, மாலையில் அதே பிள்ளையை எழுத்தின் வழியே தண்டிக்கின்றோம்.

பிறர் கண்ட முடிவுகள்

இது எமது தனிக்கருத்து என எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அமெரிக்க அறிஞர் ஹரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியோரும் 1987 முதல் 2003 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2006 இல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுவேலைக்கும் அடைவுக்கும் இடையிலான தொடர்பு மேல்வகுப்புகளிற் காணப்படும் அளவுக்குக் கீழ்வகுப்புகளிற் காணப்படவில்லை என்பதை எடுத்துக்காட்டினர். வீட்டுவேலையே வேண்டாம் என்று கூப்பர் கூறினாரல்லர். ஆயினும், சிறு பிள்ளைக்கு அதனால் விளையும் பயன் நாம் கருதுமளவு பெரிதன்று என்பது அவர் தொகுத்த சான்றுகளிலிருந்து பெறப்படுகின்றது.

பிரான்சில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுத்து வடிவிலான வீட்டுவேலை கொடுப்பதை 1956 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை தடைசெய்தது. இந்தியாவில் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993 இல் ‘சுமையற்ற கற்றல்’ பற்றிய தன் அறிக்கையில், ஆரம்ப வகுப்புகளுக்கு வழமையான வீட்டுவேலை வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. 2018 இல் சென்னை உயர்நீதிமன்றம் முதலிரு வகுப்புகளுக்கு வீட்டுவேலை கொடுத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே இந்திய மத்திய அரசின் சுற்றறிக்கையும் அவ்வாறு பணித்தது. பரீட்சைப் போட்டிக்குப் பெயர்போன சீனாவும் 2021 இல் முதலிரு வகுப்புகளுக்கு எழுத்து வடிவ வீட்டுவேலையைத் தடைசெய்தது. இவை யாவும் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன என்று நாம் வாதிக்கவில்லை. ஆயினும், அரசியலிலும் பொருளாதாரத்திலும் வேறுபட்ட நாடுகள் முதலிரு வகுப்புகளைப் பொறுத்தவரை ஒரே முடிவுக்கு வந்துள்ளமை சிந்திக்கத்தக்கதாகும்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது முதலில் எழும் மறுப்பு. பயிற்சியின்றி எழுத்து வராது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆயின் அப்பயிற்சி எங்கு, எவர் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்பதே வினா. ‘ழ’கரத்தைத் தலைகீழாகச் சுழித்து எழுதும் பிள்ளையை அந்த நொடியிலேயே திருத்துபவர் ஆசிரியர். வீட்டிலே தனித்திருந்து அதே பிழையை ஐம்பது முறை எழுதும் பிள்ளை பிழையையே பயில்கின்றது. பயிற்சி இன்றியமையாதது என்பதனாலேயே அதனைப் பாடசாலைக்குள் வைத்திருத்தல் வேண்டும்.

பெற்றோர் வீட்டுவேலையை விரும்புகின்றனர் என்பது அடுத்த மறுப்பு. உண்மையே. கொப்பி நிறைந்திருந்தால் பாடசாலை நடக்கின்றது என்று தாய் அமைதியடைகின்றாள். பாடசாலைக்குள் நிகழ்வதை அறிய வேறு வழி அவளுக்குத் திறக்கப்படாமையே இதன் காரணம். பெற்றோரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளை வாசிப்பதைக் கேட்க வைத்தால் அக்கொப்பியின் தேவை குறையும்.

புலமைப்பரிசில் பரீட்சை மூன்றாவது மறுப்பு. இதுவே மெய்யான காரணம். ஏனையவை இதன் முகமூடிகள் எனலாம். தரம் 5 புலமைப்பரிசில், 1940 களிற் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வித் திட்டத்தோடும் மத்திய பாடசாலைகளோடும் பிறந்தது. கிராமத்து ஏழைப்பிள்ளையை அடையாளங்கண்டு கைதூக்கிவிடுவதே அதன் நோக்கம். இன்றோ அதற்கான ஓட்டம் தரம் 5 இலிருந்து 4 க்கும், 4 இலிருந்து 3 க்கும் இறங்கி, முதலிரு வகுப்புகளின் வாசலையும் தட்டுகின்றது. ஏழைக்கென வகுத்த ஏணியில் ஏற, ஏழையிடம் இல்லாத பொருள்களே தேவைப்படுகின்றன: மாதிரி வினாத்தாள், தனியார் வகுப்பு, படித்த பெற்றோர். அப்பரீட்சையைச் சீர்செய்வது தனியே பேச வேண்டிய பொருள். அதன் நிழல் ஆறு வயதுப் பிள்ளைமீது விழாமற் காப்பது இன்றே செய்யத்தக்கது.

நான்காவது மறுப்பு வலிமையுடையது. அதனை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. பாடசாலை வீட்டுவேலையை நிறுத்தினாலும் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தனியார் வகுப்புக்கு அனுப்பிக்கொண்டேயிருப்பர். இழப்பு ஏழைப்பிள்ளைக்கே என்பர் சிலர். வீட்டுவேலை இன்று ஏழைப்பிள்ளைக்கு உண்மையிலேயே கற்பிக்கின்றதாயின் இவ்வாதம் நிற்கும். வெறுந்தாளும், அக்காள் எழுதிக்கொடுத்த தாளும், பக்கத்து வீட்டாரின் கொப்பியைப் பார்த்தெழுதிய தாளும் எதனைக் கற்பிக்கின்றன? ஏழைப்பிள்ளைக்குக் கூடுதலான பயிற்சி தேவை என்பதை முற்றாக ஏற்கின்றோம். அதனை வீடு தருதல் இயலாது. பாடசாலையே தர வேண்டும். தரம் 1, 2 பிள்ளைகள் நண்பகல் அளவிலேயே வீடு செல்கின்றனர். அதற்கு முன்னர் நாள்தோறும் கால் மணி நேரத்தைச் சிறு குழுக்களாக வாசிக்கவும் எழுதவும் ஒதுக்கினால், வாரத்தில் ஒன்றேகால் மணி நேரப் பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் முன்னிலையிலேயே கிடைக்கும். வீட்டுவேலையைச் சேகரித்து, திருத்தி, செய்யாதோரை விசாரிப்பதிற் செலவாகும் நேரமும் இதற்கு உதவும். ஆசிரியர் பற்றாக்குறையும் ஒரே அறையில் இரு வகுப்புகளும் உள்ள பாடசாலைகளில் இது கடினம் என்பதை அறிவோம். அக்குறையை நிரப்புவது கல்வித் திணைக்களத்தின் கடமை. ஆறு வயதுப் பிள்ளையின் இரவினால் அதனை ஈடுசெய்தல் ஆகாது.

மாற்று யாது?

வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிடுமாறு நாம் கூறவில்லை. எத்தகைய பணி வீட்டுக்குச் செல்லலாம் என்பதற்கு எம் மரபிலேயே ஒரு சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்ற நூலில் திண்ணைப் பள்ளியின் வழக்கமொன்றைக் குறிப்பிடுகின்றார். மாலையிற் பிள்ளைகளை அனுப்பும்போது உபாத்தியாயர் பூ, பறவை, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார்; பிள்ளைகள் அவற்றை வீட்டாரிடம் கூறி, நினைவில் வைத்திருந்து மறுநாள் ஒப்பிப்பர். திண்ணைப் பள்ளியின் பிரம்பை எவரும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை. ஆயினும் இவ்வழக்கத்திற்கு எண்ணெயும் வேண்டா, தாளும் வேண்டா, படித்த தாயும் வேண்டா.

இதனைச் சற்றுத் திருப்பிப் போடலாம். வாரத்துக்கு ஒரு வினாவைப் பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு செல்லட்டும். திங்கட்கிழமை விடையை வாயினாற் கொண்டு வரட்டும். உங்கள் அப்பம்மா சிறுவயதில் உண்ட நெல்லின் பெயர் யாது? வட்டக்கச்சிப் பிள்ளை மொட்டைக்கறுப்பன் என்று வந்து சொல்லும். பக்கத்துப் பிள்ளை பச்சைப்பெருமாள் என்னும். இரணைமடுக் காட்டு மரங்கள் எவை? பாலை, வீரை, முதிரை என விடைகள் வரும். பூநகரிக் கரையோரத்துப் பிள்ளை தந்தை இழுக்கும் வலையின் பெயரைக் கொண்டு வரும். மலையகத்திலிருந்து வந்த பாட்டியின் பேரப்பிள்ளை ‘பெரட்டு’ என்ற சொல்லைக் கொண்டு வந்து, விடியற்காலையில் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் நின்று பெயர் கொடுத்த கதையைக் கூறும். ஆசிரியர் அச்சொற்களைக் கரும்பலகையில் எழுத, அவையே அன்றைய வாசிப்புப் பாடமாகும். இங்கே எழுத்தறியாத பாட்டியும் விரிவுரையாளரின் மனைவியும் சமமாவர். சிலவேளை பாட்டியே மேலாவார். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் விரும்பும் கற்றலும் இதுவே.

தரம் 3 முதல் எழுத்துப் பணி சிறிது கொடுப்பதாயின் அதற்கு இரு நிபந்தனைகள் போதும்: எவர் உதவியுமின்றிப் பிள்ளை தனித்துச் செய்யத்தக்கதாயிருத்தல், ஒரு சதமும் செலவின்றிச் செய்யத்தக்கதாயிருத்தல். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் காகிதப் பற்றாக்குறையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பியின் விலை கூலிக் குடும்பங்களை மிரட்டியது. அவ்வனுபவத்தின் பின்னரும் படம் அச்சிட்டு ஒட்டி வருக என்று பணிப்பது அறிவுடைமையாகாது. செய்து வராத பிள்ளைக்குத் தண்டனையும் அவமதிப்பும் எக்காரணத்தாலும் கூடா.

எமது பங்கு

இறுதியாக, இவ்விதழை வாசிக்கும் மாணவ நண்பருக்கும் விரிவுரையாளருக்கும் ஒரு சொல். வீட்டுவேலையை நாம் இயல்பாகவே ஆதரிப்போம். ஏனெனில் அதில் வென்றவர்கள் நாம். எமக்கு விளக்கேற்றி வைக்க ஒருவர் இருந்தார். அல்லது விளக்கின்றியும் கடந்துவந்த மிகச் சிலருள் ஒருவராய் இருந்தோம். தோற்றவர்கள் இவ்விதழை வாசிக்கப் போவதில்லை. எம்முட் பலர் தனியார் வகுப்புகளிற் கற்பித்துச் செலவுக்குப் பணம் தேடுகின்றோம். ஆகவே இப்போட்டியிற் பயனடைவோரும் நாமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. அவற்றின் மதிலுக்கு அப்பால் உள்ள குடியிருப்புகளில் மாலை வேளையில் வெறுந்தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தாயின் வருகைக்காகக் காத்திருக்கின்றனர். ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பலவற்றிற் பத்திரிகையும் நாற்காலியும் மட்டுமே உள்ளன. வாரத்தில் ஒரு மாலை, நால்வர் சென்று பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டவும், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கவும் முடியாதா? புள்ளி வேண்டா, பரீட்சை வேண்டா, கட்டணம் வேண்டா. அதன்பின் ஆசிரியர் சங்கங்களோடும் வலயக் கல்வி அலுவலகத்தோடும் இது குறித்து உரையாட எமக்கு உரிமை உண்டாகும்.

போர் இம்மாவட்டத்தின் ஒரு தலைமுறையிடமிருந்து பள்ளிப்பருவத்தைப் பறித்தது. பறிகொடுத்த அத்தாய்மாரிடம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பயிற்சித்தாளை அனுப்பி, பறிபோனதைக் கணக்குக் காட்டுமாறு கேட்கின்றோம். காட்ட இயலாதபோது அவர்தம் பிள்ளைகளை வகுப்பில் நிற்க வைக்கின்றோம். ஒரு பல்ப் மட்டுமே உள்ளது என்று உண்மை உரைத்த அச்சிறுமி அமர்வதற்கு வேறு பாயிரங்கள் வேண்டியதில்லை. வருகின்ற வெள்ளிக்கிழமை அவள் பையில் அத்தாள் இல்லாதிருந்தாற் போதும்.